எய்டோர் வில்லா-லோபோஸ்: வாழ்வும் இசைத் தாக்கமும்

எய்டோர் வில்லா-லோபோஸ் (மார்ச் 5, 1887 – நவம்பர் 17, 1959) பிரேசில் நாட்டு இசையமைப்பாளர், செல்லோ மற்றும் கிதார் கலைஞர், இசைக்கல்வியாளர். லத்தீன் அமெரிக்காவிலிருந்து உலக அரங்குகளில் மிக அதிகமாக இசைக்கப்பட்ட மேலைச் செவ்வியல் இசையமைப்பாளர்களில் ஒருவர். ஷோரோஸ், பாகியானாஸ் பிரசிலெய்ராஸ் என்னும் இரு தொகுதிகளும் கிதாருக்கு எழுதிய ஆக்கங்களும் அவருடைய முதன்மைப் பங்களிப்புகளாகக் கருதப்படுகின்றன. அமேசான் காட்டின் இசையை உலகுக்குக் கொண்டுவந்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்தப் பெயரைப் பெருமளவு உருவாக்கியவர் அவரே. அது எந்த அளவுக்கு உண்மை, உண்மை அல்லவென்றால் இசையின் மதிப்பு குறையுமா என்பவை அவரைப் பற்றிய விமர்சனங்களில் தொடர்ந்து எழும் கேள்விகள்.

பிறப்பு, இளமை

வில்லா-லோபோஸ் ரியோ டி ஜெனீரோ நகரின் லரஞ்ஜெய்ராஸ் பகுதியில் பிறந்தார். தந்தை ரவுல் வில்லா-லோபோஸ் தேசிய நூலகத்தில் பணியாற்றியவர், ஓய்வு நேரத்தில் செல்லோ வாசித்தவர். நண்பர்கள் வீட்டில் கூடி இசைக்கும் வழக்கம் இருந்தது. சிறுவனுக்குச் செல்லோ பெரிதாக இருந்ததால், வயோலா ஒன்றின் அடியில் முளை பொருத்தி அதைச் செல்லோபோல நிறுத்தி வாசிக்கத் தந்தை கற்றுக்கொடுத்தார். டிராம் வண்டியின் கிறீச்சொலி, பறவையின் கூவல் என எது காதில் விழுந்தாலும் அதன் சுருதியைச் சொல்லவேண்டும், தவறினால் தண்டனை உண்டு என்று வில்லா-லோபோஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அத்தை ஒருவர் பியானோவில் பாக்கின் ஆக்கங்களை வாசித்துக் காட்டினார். வாழ்நாள் முழுதும் நீடித்த பாக் பற்று அங்கிருந்து தொடங்கியது.

1899-ல் தந்தை இறந்தபோது வில்லா-லோபோஸுக்கு வயது 12. மகன் மருத்துவராக வேண்டும் என்பது தாய் நொயேமியாவின் விருப்பம். வில்லா-லோபோஸ் கிதாரை எடுத்துக்கொண்டு தெருவுக்குச் சென்றார். அக்கால ரியோவில் செல்லோவும் பியானோவும் கௌரவமான வீடுகளின் கருவிகள். கிதார் வேலையற்றுத் திரிபவர்களின் கருவியாகக் கருதப்பட்டது. முறையான இசைக்கல்வி அவருக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. தேசிய இசைக்கழகத்தில் சேர்ந்தும் நிலைக்கவில்லை. இசையமைப்பின் இலக்கணத்தைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் வென்சான் தாண்டியின் பாடநூலைப் படித்துத் தானே கற்றுக்கொண்டார். திரையரங்குகளிலும் நாடக அரங்குகளிலும் செல்லோ வாசித்து வருவாய் ஈட்டினார்.

ஷோரோ என்னும் பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரியோவில் உருவான கருவி இசை ஷோரோ. ஐரோப்பாவிலிருந்து வந்த போல்கா, வால்ட்ஸ், ஷாட்டிஷ் போன்ற நடன மெட்டுகளை ஆப்பிரிக்க வழிவந்த தாளத்தில் வாசித்தபோது பிறந்தது. புல்லாங்குழல், கிதார், நான்கு தந்திகள் கொண்ட சிறிய கவாக்கின்யோ ஆகியவை அதன் அடிப்படைக் கருவிகள். அதை வாசித்தவர்களில் பலர் அஞ்சல் ஊழியர்கள், சிறு அரசு எழுத்தர்கள், படைப்பிரிவு பாண்டு வாத்தியக்காரர்கள். திருமணம், பிறந்தநாள், ஞானஸ்நானம் என எந்த விருந்துக்கு அழைத்தாலும் வந்து விடியும்வரை வாசித்தனர்.

இந்த இசையில் ஒரு விளையாட்டு உண்டு. புல்லாங்குழல்காரர் எதிர்பாராத இடத்தில் சுருதியை மாற்றி உடன் வாசிப்பவரைத் தடுமாறவைக்க முயல்வார். கிதார்காரர் விழாமல் பின்தொடர வேண்டும். கூடவே கீழ்த்தந்திகளில் தனியாக ஒரு மெட்டையும் நடத்திச் செல்ல வேண்டும். மேலே ஒரு மெட்டு, கீழே அதற்குப் பதில் சொல்லும் இன்னொரு மெட்டு என்னும் அமைப்பை வில்லா-லோபோஸ் ஏட்டில் படிப்பதற்கு முன்பே விரல்களில் கற்றிருந்தார். பாக்கின் இசைக்கும் ஷோரோவுக்கும் உறவு உண்டு என்று அவர் பின்னாளில் சொன்னது பலருக்கு விசித்திரமாகத் தோன்றியது. இந்தக் கீழ்த்தந்தி மெட்டைக் கவனித்துக் கேட்பவர்களுக்கு அதில் விசித்திரம் இல்லை.

பயணங்களும் கதைகளும்

1905-லிருந்து பல ஆண்டுகள் பிரேசிலின் வடக்கிலும் வடகிழக்கிலும் அலைந்து நாட்டார் மெட்டுகளைத் திரட்டியதாக வில்லா-லோபோஸ் கூறினார். அமேசான் காட்டுக்குள் சென்றதாகவும், நரமாமிசம் உண்ணும் பழங்குடியினரிடம் சிக்கித் தப்பியதாகவும் கதைகள் சொன்னார். கேட்பவருக்கு ஏற்பக் கதை மாறியது. கிடைக்கும் ஆதாரங்கள் வேறுவகையானவை. தென்பகுதித் துறைமுக நகரான பரநாகுவாவில் சிலகாலம் இருந்தார். 1912 வாக்கில் நாடகக் குழு ஒன்றின் செல்லோ கலைஞராக வடபகுதி நகரங்களுக்குச் சென்று மனாவுஸில் வாசித்தார். மனாவுஸ் அமேசான் கரையில் உள்ள ஊர்தான். ஆனால் ரப்பர் வணிகத்தால் செழித்து, ஓபரா அரங்கு கட்டிக்கொண்ட ஊர்.

அவருடைய ஆக்கங்களில் உள்ள பழங்குடி மெட்டுகளுக்கு எழுத்து ஆதாரம் உண்டு. மானுடவியலாளர் எட்கார் ரொக்கெட்டே-பிண்டோ 1912-ல் மத்திய மேற்குப் பகுதிக்குச் சென்று பரேசி, நம்பிக்வாரா மக்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்து, ரியோவின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். 'நொசானி-நா' உள்ளிட்ட பரேசி மெட்டுகளை வில்லா-லோபோஸ் அங்கிருந்து எடுத்தார். 'மூன்று பழங்குடிக் கவிதைகள்' (1926) என்னும் ஆக்கத்தின் முதல் பாடல், பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலுக்கு வந்த பிரெஞ்சுப் பயணி ழான் டி லேரியின் நூலில் அச்சான மெட்டை அடிப்படையாகக் கொண்டது. நூலகரின் மகன் காட்டின் இசையை நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் கண்டெடுத்தார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வில்லா-லோபோஸ் இதைவிடத் தன் கதைகளையே விரும்பினார்.

இசையுலக நுழைவு

1913-ல் பியானோ கலைஞர் லூசிலியா கிமரேஸை மணந்தார். 1915-ல் தன் ஆக்கங்களை மட்டும் கொண்ட இசை நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கினார். ரியோவின் மூத்த இசை விமர்சகர் ஆஸ்கார் குவனபரினோ அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அக்கால ஆக்கங்களில் பிரேசிலைவிட டெபுஸியின் சாயலே அதிகம். வில்லா-லோபோஸ் பியானோவில் தேர்ந்தவர் அல்ல. அவருடைய தொடக்ககாலப் பியானோ ஆக்கங்களில் பலவற்றை முதலில் மேடையேற்றியவர் லூசிலியா. வரலாறுகளில் இவருக்கு ஒரு வரிக்குமேல் கிடைப்பது அரிது. 1936-ல் பிராக் நகரில் நடந்த இசைக்கல்வி மாநாட்டுக்குச் சென்ற பயணத்தின்போது வில்லா-லோபோஸ் கடிதம் எழுதி இந்த மணவாழ்வை முடித்துக்கொண்டார்.

பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் ரியோவுக்கு வந்தபோது, திரையரங்கில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்த வில்லா-லோபோஸைத் தேடிச் சென்றார். முதலில் முரட்டுத்தனமாகப் பேசிய வில்லா-லோபோஸ், பின்னர் ஒரு நாள் காலையில் சக கலைஞர்களை அழைத்துக்கொண்டு ரூபின்ஸ்டைனின் விடுதிக்கே வந்து தன் இசையை வாசித்துக் காட்டினார் என்று ரூபின்ஸ்டைன் நினைவுகூர்ந்திருக்கிறார். குழந்தைகளின் பொம்மைகளைப் பற்றிய 'புரோலே டோ பெபே' முதல் தொகுதியை ரூபின்ஸ்டைன் 1922-ல் ரியோவில் வாசித்தார். வில்லா-லோபோஸ் வெளிநாட்டில் அறியப்பட அவருடைய ஆதரவு பெருமளவு உதவியது.

1922 பிப்ரவரியில் சாவோ பாவுலோ நகராட்சி அரங்கில் நவீன கலை வாரம் நடந்தது. பிரேசில் நவீனத்துவத்தின் தொடக்கமாகக் கருதப்படும் அந்த நிகழ்வில் இசைக்கப்பட்ட பிரேசில் ஆக்கங்களில் பெரும்பாலானவை வில்லா-லோபோஸுடையவை. ஒரு மாலை அவர் நீண்ட கோட்டு அணிந்து, ஒரு காலில் மட்டும் செருப்புடன் மேடைக்கு வந்தார். அது புதுமைவாதிகளின் சீண்டல் என்று நினைத்துப் பார்வையாளர்கள் கூச்சலிட்டனர். உண்மையில் அவருக்குக் காலில் வலி இருந்தது.

பாரிஸ்

வில்லா-லோபோஸ் 1923-ல் பாரிசுக்குச் சென்று அடுத்த ஆண்டு திரும்பினார். மீண்டும் 1927 முதல் 1930 வரை, செல்வந்தர்களான கின்லே சகோதரர்களின் உதவியுடன் அங்கு வாழ்ந்தார். கற்றுக்கொள்ள வரவில்லை, செய்ததைக் காட்டவே வந்தேன் என்று சொன்னதாகக் கூறப்படுகிறது. ஆனால் பாரிஸில் அவர் காட்டிய பழைய ஆக்கங்கள் அங்குள்ளவர்களுக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அவை டெபுஸி பாணியில் இருப்பதாக ழான் காக்டோ ஏளனம் செய்தார். பாரிஸ் நவீன இசையில் ஸ்ட்ராவின்ஸ்கி ஆட்சி செய்த காலம் அது. பிரேசிலிலிருந்து வந்தவரிடம் பாரிஸ் எதிர்பார்த்தது பிரேசிலை. பாவுலோ கேரியோஸ் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் வில்லா-லோபோஸ் பிரேசில் இசையமைப்பாளராக மாறிய இடம் பாரிஸ் என்று வாதிடுகிறார்கள்.

1927-ல் எழுத்தாளர் லூசி தெலாரூ-மார்த்ரு பாரிஸ் நாளிதழ் ஒன்றில் வில்லா-லோபோஸின் காட்டுச் சாகசங்களை விரிவாக எழுதினார். அதிலிருந்த செய்திகள் பதினாறாம் நூற்றாண்டில் துபினம்பா மக்களிடம் சிறைப்பட்ட ஜெர்மானியர் ஹான்ஸ் ஸ்டாடனின் நூலிலிருந்து வந்தவை. பிரேசிலில் அது சிரிப்பையும் சினத்தையும் ஒருசேர எழுப்பியது. மறு ஆண்டு வெளிவந்த தன் நூலில் மாரியோ டி ஆண்ட்ராடே, ஐரோப்பியருக்கு விநோதமாகத் தோன்றுவதையே பிரேசில் இசை என்று கொள்ளக் கூடாது என்று எச்சரித்தார். அவர் வில்லா-லோபோஸின் திறனை மதித்தவர் என்பதால் அந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் எடை உண்டு.

வில்லா-லோபோஸ் தன் ஆக்கங்களுக்குக் குறித்த ஆண்டுகளும் இதே ஐயத்துக்கு உள்ளாயின. 'அமேசோனாஸ்', 'உயிரப்புரு' ஆகிய பெரிய இசைக்குழு ஆக்கங்களுக்கு அவர் 1917 என்று தேதியிட்டார். முதலாவது 1929-ல்தான் பாரிஸில் அரங்கேறியது, இரண்டாவது 1935-ல் புவனோஸ் அயர்ஸில். ஸ்ட்ராவின்ஸ்கியை அறிவதற்கு முன்பே எழுதியதாகக் காட்ட அவர் ஆண்டுகளை முன்தள்ளினார் என்று லிசா பெப்பர்கார்ன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இரு ஆக்கங்களிலும் வண்ணங்கள் நிறைந்த இசைக்குழு எழுத்து உண்டு. ஆனால் வில்லா-லோபோஸைத் தனித்து அடையாளம் காட்டுபவை இவை அல்ல.

ஷோரோஸ்

அவை ஷோரோஸ் தொகுதியில் உள்ளன. 1920-களில் எழுதப்பட்ட இத்தொகுதியில் 14 எண்ணிட்ட ஆக்கங்கள் உண்டு. கடைசி இரண்டும் தொலைந்துவிட்டன. முதல் ஷோரோஸ் தனிக் கிதாருக்கானது. ரியோவின் மாபெரும் பியானோ கலைஞர் எர்னெஸ்டோ நாசரெத்துக்குக் காணிக்கையாக்கப்பட்டது. தெருவில் வாசிக்கப்பட்ட ஷோரோவிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. இரண்டாவது புல்லாங்குழலும் கிளாரினெட்டும் மட்டும் பேசிக்கொள்வது. எண் ஏற ஏறக் கருவிகள் பெருகி, பின்னால் வருபவை பேரிசைக்குழுவுக்கு உரியவை ஆகின்றன.

பத்தாவது ஷோரோஸ் (1926) இத்தொகுதியின் உச்சம். சுமார் 12 நிமிடங்கள் நீளும் இந்த ஆக்கம் புல்லாங்குழலின் பறவை ஒலியில் தொடங்குகிறது. நடுவில் பாடற்குழு நுழைகிறது. அவர்கள் பாடும் அசைகள் எந்தப் பழங்குடி மொழியையும் சேர்ந்தவை அல்ல, ஒலிக்காக வில்லா-லோபோஸ் புனைந்தவை. தாளம் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டு வெறியேறுகிறது. அதன்மேல் பெண்குரல்களில் ஒரு நீண்ட காதல் மெட்டு மிதந்து வருகிறது. அந்த மெட்டு அனக்லேட்டோ டி மெடெய்ரோஸ் (1866–1907) இயற்றிய 'யாரா' என்னும் ஷாட்டிஷ். விடுதலைபெற்ற அடிமைப் பெண் ஒருவருக்குப் பிறந்த அனக்லேட்டோ, ரியோ தீயணைப்புப் படையின் பாண்டு குழுவை உருவாக்கி நடத்தியவர். கவிஞர் கட்டுலோ டா பைஷாவோ சியரென்ஸே அந்த மெட்டுக்குப் பிற்பாடு வரிகள் எழுதினார்.

காட்டின் முழக்கம் என்று பாரிஸ் கேட்ட ஆக்கத்தின் உச்சியில் நிற்பது ரியோ தீயணைப்புப் படையின் பாண்டு மாஸ்டர் எழுதிய மெட்டு. இந்த உண்மை வில்லா-லோபோஸின் சாதனையையும் அதன் சிக்கலையும் ஒன்றாகக் காட்டுகிறது. தெரு மெட்டு ஒன்றை அதன் எளிமை கெடாமல் நூற்றுக்கணக்கானோர் பாடும் பேரிசைக்குள் வைத்து, அது கரைந்துபோகாமல் மேலெழச் செய்வது அவருக்கு முன் பிரேசிலில் எவரும் செய்யாதது. அதேசமயம் மெட்டை எழுதியவர் பெயர் உலக அரங்குகளில் மறைந்துபோனது. வரிகளின் உரிமை பெற்றவர் பின்னாளில் வழக்குத் தொடுத்தார், அதன்பின் சொற்களை நீக்கி வெறும் ஒலிகளாகப் பாடும் முறையும் வந்தது. 'நொசானி-நா'வைப் பாடிய பரேசி மக்களுக்கு அப்படி வழக்குத் தொடுக்கவும் வழி இருக்கவில்லை. அவர்களின் மெட்டு மூன்றாவது ஷோரோஸிலும் ஒலிக்கிறது.

பள்ளிகளில் சேர்ந்திசை

1930-ல் வில்லா-லோபோஸ் பிரேசிலுக்குத் திரும்பியதும் கெட்டூலியோ வர்காஸ் ஆட்சியைக் கைப்பற்றினார். 1931-ல் சாவோ பாவுலோவில் சுமார் 12,000 பேரைக் கொண்டு சேர்ந்திசை நிகழ்ச்சி நடத்திய வில்லா-லோபோஸ், 1932 முதல் தலைநகர் ரியோவின் பள்ளி இசைக்கல்விக்குப் பொறுப்பேற்றார். கல்வியாளர் அனிசியோ டெய்ஷெய்ரா அவரை அழைத்திருந்தார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கைச்சைகைகளால் சுரங்களைக் காட்டும் முறை, 137 சிறுவர் பாடல்களைக் கொண்ட 'கியா பிராட்டிகோ' தொகுப்பு ஆகியவை அப்போது உருவாயின. பள்ளி மாணவர்களைக் கால்பந்து மைதானத்தில் திரட்டிப் பாடவைத்தார். 1940-ல் வாஸ்கோ ட காமா அணியின் மைதானத்தில் பாடிய சிறுவர்கள் சுமார் 40,000 பேர்.

இந்த நிகழ்ச்சிகள் சுதந்திர தினம் போன்ற அரசு விழாக்களில் நடந்தன. 1937-லிருந்து 1945 வரை வர்காஸின் ஆட்சி வெளிப்படையான சர்வாதிகாரம். நாட்டுப்பற்றும் ஒழுங்கும் சேர்ந்திசையின் பயன்கள் என்று வில்லா-லோபோஸே எழுதினார். இசைக்கல்விக்காக ஆட்சியைப் பயன்படுத்திக்கொண்டார் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. ஆட்சியும் அவரைப் பயன்படுத்திக்கொண்டது, அதை அறியாதவராக அவர் இருக்கவில்லை. எனினும் 'கியா பிராட்டிகோ' அரசியலைத் தாண்டி நிற்கிறது. ரியோவின் ஏழைக் குடியிருப்புச் சிறுவர்களும் செல்வர் வீட்டுச் சிறுவர்களும் ஒரே பாடலைச் சுரம் அறிந்து பாடக் கற்றது அப்போதுதான்.

பாகியானாஸ் பிரசிலெய்ராஸ்

1930 முதல் 1945 வரை எழுதிய ஒன்பது இசைத்தொடர்கள் இவை. பெரும்பாலான பகுதிகளுக்கு இரு பெயர்கள் உண்டு, ஒன்று பாக் காலத்தது, மற்றது பிரேசிலினுடையது. முதல் தொடரின் மூன்றாம் பகுதி ஃபியூக். ஒரு குரல் தொடங்கிய மெட்டை மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து பற்றிக்கொள்ளும் வடிவம் இது. அதன் பிரேசில் பெயர் 'உரையாடல்'. ஷோரோ கலைஞர்களின் வாசிப்பு உரையாடலை நினைத்து எழுதியது.

இரண்டாம் தொடரின் இறுதிப் பகுதி 'நாட்டுப்புறத்தானின் சிறு ரயில்'. நீராவி ரயில் புறப்பட்டு, வேகம் பிடித்து, நிலையத்தில் மூச்சுவிட்டு நிற்பதைத் தாள வாத்தியங்களும் தந்திகளும் காட்டுகின்றன. அதன்மேல் கிராமத்து மெட்டு ஒன்று கவலையில்லாமல் செல்கிறது. பெண்குரலுக்கும் எட்டுச் செல்லோக்களுக்குமான ஐந்தாம் தொடர் அனைத்திலும் புகழ்பெற்றது. 1938-ல் எழுதிய அதன் முதல் பகுதியின் தொடக்கத்தில் பாடகி சொற்களின்றி உயிரொலியில் பாடுகிறார், செல்லோக்கள் தந்திகளைச் சுண்டிக் கிதார்போல ஒலிக்கின்றன. இரவில் ஜன்னலுக்குக் கீழே நின்று வாசிக்கும் ரியோ வழக்கம் அந்தச் சுண்டலில் இருக்கிறது. இதைப் பாக்கின் பின்பற்றல் என்று மட்டும் கேட்பவர்கள் கிதாரைத் தவறவிடுகிறார்கள். ஷோரோஸின் துணிச்சல் பாகியானாஸில் இல்லை என்ற குற்றச்சாட்டு ஓரளவு சரி. ஒன்பதும் சம தரமும் அல்ல.

கிதார் ஆக்கங்கள்

அளவில் சிறிய கிதார் ஆக்கங்களே தொழில்நுட்பத்தில் அவருடைய ஆழமான மாற்றம். ஆந்த்ரேஸ் செகோவியாவுக்குக் காணிக்கையான 12 பயிற்சி ஆக்கங்கள் 1929-ல் நிறைவுற்று 1953-ல் அச்சாயின. 1940-ல் ஐந்து முன்னிசைகள், 1951-ல் ஒரு கச்சேரி ஆக்கம். கிதார்காரர் இடக்கையை ஒரே வடிவில் வைத்துக்கொண்டு தண்டில் மேலும் கீழும் நகர்த்தும்போது, அழுத்தப்படாத தந்திகள் தம் சுருதியிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும். நகரும் ஒலிகளும் நகராத ஒலிகளும் மோதிப் புதிய இசைவுகள் பிறக்கும். முதல் பயிற்சியின் நடுப்பகுதியில் ஒரே கைவடிவம் கட்டம் கட்டமாக இறங்குவதைக் கேட்கலாம். பியானோவில் யோசித்துக் கிதாருக்கு எழுதும் இசையமைப்பாளருக்கு இது தோன்றாது. இன்று உலகெங்கும் செவ்வியல் கிதார் மாணவர்கள் இந்த ஆக்கங்களைக் கடக்காமல் மேலே செல்வதில்லை.

பிற்காலமும் தாக்கமும்

1944-45-ல் முதன்முறையாக அமெரிக்காவுக்குச் சென்றார். 1945-ல் பிரேசில் இசை அகாதமியை நிறுவினார். 1948-ல் நியூயார்க்கில் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை நடந்தது. அதன்பின் அமெரிக்காவிலும் பாரிஸிலும் கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். அக்காலச் சிம்பொனிகள் பல அவசரத்தில் எழுதப்பட்டவை. நான்கு தந்திக் கருவிகளுக்கான 17 ஆக்கங்கள் அவற்றைவிடக் கவனம் பெறத் தக்கவை. 1950-களில் பாரிஸில் தானே நடத்திப் பதிவு செய்த இசைத்தட்டுகளில் இசைக்குழு அங்கங்கே பிசகினாலும் தாளத்தின் துடிப்பு இன்றைய பதிவுகள் பலவற்றில் இல்லாதது.

பிரேசிலில் அவருடைய தாக்கம் செவ்வியல் இசையைவிட மக்களிசையில் நேராகச் சென்றது. போசா நோவா இசையமைப்பாளர் டாம் ஜோபிம் அவரைத் தன் முன்னோடிகளில் ஒருவராகச் சொன்னார். ஜோவான் பயஸ் 1964-ல் ஐந்தாம் பாகியானாஸின் முதல் பகுதியைத் தன் இசைத்தட்டில் பாடினார். எக்பெர்டோ ஜிஸ்மோன்டி 1985-ல் வில்லா-லோபோஸின் மெட்டுகளைக் கொண்டு ஒரு முழு இசைத்தட்டு வெளியிட்டார். 'சிறு ரயில்' மெட்டுக்குக் கவிஞர் ஃபெரெய்ரா குல்லார் எழுதிய வரிகளை எடு லோபோ 1978-ல் பாடிப் பதிவு செய்தார். அந்த மெட்டை வரிகளோடு பாடும் பிரேசிலியர் பலருக்கு அது பாக்குக்கான காணிக்கைத் தொடரின் பகுதி என்று தெரியாது. தெருவிலிருந்து எடுத்தவற்றுள் ஒன்று அவ்வழியே தெருவுக்குத் திரும்பியது.

அவருடைய மறைவுக்குப்பின் 1960-ல் ரியோவில் வில்லா-லோபோஸ் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. ஐந்து கிதார் முன்னிசைகளையும் காணிக்கையாகப் பெற்ற அவருடைய துணைவி அர்மிந்தா 1985-ல் இறக்கும்வரை அதை நடத்தினார். கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் அங்கு காக்கப்படுகின்றன. காட்டுக் கதைகளைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் செல்வதும் அங்குதான்.